முள் காட்டிய முப்பது மைல்

மகனுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உன் அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, எனக்கு ஒரு குறையும் இல்லை, பட்டறையில் வேலை இருக்கிறது. நீ நலம் விசாரித்ததற்குப் பதில் இவ்வளவுதான். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். உன் மானேஜர் ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார், குள்ளமான வண்டி, பட்டணத்தைத் தாண்டினால் பள்ளத்தில் அடிவயிறு தட்டுகிறது, பெரிய சக்கரமாக மாற்றித் தரச் சொல்கிறார், மாற்றலாமா நைனா என்று. ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி. நான் பேனாவைத் தொடவே வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. முதலில் சக்கரத்தைப் பற்றி எழுதுகிறேன். அடுத்து, உனக்கு மாமனாராக வரப்போகிற சின்னப்பனைப் பற்றி எழுதுகிறேன். அவரைப் பற்றி எழுத வேண்டியது உன் கல்யாணத்தையே நிறுத்தக்கூடியது. அதனால் வேலை நேரத்தில் படிக்காதே, அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

ரோட்டில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது என்று வைத்துக்கொள். சின்னச் சக்கரம் அதற்குள் விழுந்து எழும். பெரிய சக்கரம் பாதிதான் இறங்கும், அதற்குள் தாண்டிவிடும். டயரும் பருமனாக இருந்தால் உள்ளே காற்று அதிகம், இடியில் பாதியை அதுவே வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவருக்குச் சொகுசாக இருக்கும், உன் மானேஜர் முதல் நாளே உன் தோளைத் தட்டிக் கொடுப்பார். ஆனால் சொகுசு வேறு, பிடிமானம் வேறு. அந்த மாதிரி வண்டியைத் தரையோடு தரையாகச் செய்ததே வளைவில் சாயாமல் திரும்புவதற்காகத்தான். நீ சக்கரத்தைப் பெரிதாக்கினால் வண்டி உயர்கிறது, உயர்ந்தால் சாய்கிறது. தலையில் தண்ணீர்க் குடத்தோடு சட்டென்று திரும்பிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதோடு பெரிய சக்கரம் கனமானது. லேசான சக்கரத்துக்கென்று செய்த ஸ்பிரிங் அதைப் பிடித்து வைக்காது. மேட்டில் ஏறித் துள்ளிய சக்கரம் உடனே தரைக்கு வராது, தரையில் இல்லாத சக்கரம் நீ சொல்வதைக் கேட்காது. ஸ்டீயரிங் கை வலிக்கும்படி கனக்கும், வண்டி கிளம்புவதற்கு மூக்கால் அழும். வெளிவட்டம் மாறாமல் ரிம்மை மட்டும் பெரிதாக்கி, டயரை ஒல்லியாகப் போட்டால் கதை வேறு. வண்டி கத்தி மாதிரித் திரும்பும், ஆனால் ரோட்டில் உள்ள கல் ஒவ்வொன்றும் இடுப்பில் தெரியும். இரண்டில் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் செய்ய வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது, அதைப் பல மெக்கானிக்குகள் யோசிப்பதே இல்லை. மீட்டருக்குச் சக்கரம் எவ்வளவு பெரிது என்று தெரியாது. அது சுற்றைத்தான் எண்ணுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போய்விடும், மீட்டரோ பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். இருபத்தாறு அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இருபத்தெட்டரை அங்குலம் போட்டால், முள் முப்பதைக் காட்டும்போது வண்டி முப்பத்து மூன்றில் போகும். ஓட்டுகிறவர் மீட்டரை நம்புவார். வேறு எதை நம்புவார்?

இருபத்தாறும் இருபத்தெட்டரையும் நான் சும்மா சொன்ன எண்கள் இல்லை. இவை நம் ஊர் ரைஸ் மில் முதலாளியின் சிவப்பு வண்டியின் அளவுகள். உனக்கு அந்த வண்டி ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடம் விட்டதும் அதைப் பார்க்கவே மில் வாசலில் நிற்பாய். முதலாளிக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்குக் கையை ஆட்ட மட்டும் தெரியும். ஓட்டியவர் சின்னப்பன். அவர் அப்பாவும் உன் தாத்தாவும் ஒரே பண்ணையில் வரப்பு வெட்டியவர்கள். நம் தெருவில் முதன்முதலில் லைசென்ஸ் எடுத்தவர் அவர். காக்கிச் சட்டையில் ஒரு பொத்தான்கூடத் திறந்திருக்காது. முதலாளியின் உறவுக்காரர்கள் தாங்கள் வாசலில் நிற்க வைத்துப் பேசும் ஆளை, முதலாளிக்குச் சமமாகப் பக்கத்துச் சீட்டில் பார்ப்பார்கள். அது சிலருக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சின்னப்பனுக்கும் தெரியும், ஆனால் அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

காஞ்சிபுரம் போய்வந்தால் முதலாளிக்கு இரண்டு நாள் இடுப்பு வலி. "யோவ் மேஸ்திரி, முதுகு கழண்டு பூடுதுய்யா. இந்த வண்டிய கொஞ்சம் தூக்கி வெய்யி" என்றார். காஞ்சிபுரத்தில் பழைய இரும்பு விற்கும் பாய் ஒருவரிடம் ஜீப் சக்கரம் நான்கு கிடந்தது. அவர் எடுத்துக் கொடுக்கும்போதே, "இன்னா மேஸ்திரி, குள்ள வண்டிக்கு இம்மாம் பெரிய சக்கரமா? பேஜாராப் போவப் போவுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். லேத்தில் கொடுத்து ஆணித்துளை மாற்றினேன், மட்கார்டின் உள் ஓரத்தைச் சுத்தியலால் தட்டி மடக்கினேன், சக்கரத்தை மாட்டினேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தது. போதும் என்று நினைத்தேன். செங்கல்பட்டு ரோட்டில் நான் ஒருவனாக ஓட்டிப் பார்த்தேன். நேர் ரோடு. வண்டி மிதந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். இரண்டு பேரை ஏற்றி வளைவில் ஓட்டிப் பார்க்கவில்லை. மீட்டரைப் பற்றி சின்னப்பனிடம் சொல்ல வேண்டும் என்று அன்று காலை நினைத்தேன். சாவியைக் கொடுக்கும்போது முதலாளி அவசரப்படுத்தினார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், காஞ்சிபுரத்திலிருந்து திரும்பும்போது, ஏரிக்கரை மதகடி வளைவில் வண்டி கரையிலிருந்து இறங்கி வயலில் கவிழ்ந்தது. முதலாளிக்குத் தோள்பட்டையில் ஒரு எலும்பு முறிந்தது. சின்னப்பனுக்கு இடது முழங்கால் நசுங்கிவிட்டது. அதே வளைவை அதே முப்பதில் பழைய சக்கரத்தோடு எத்தனையோ முறை திரும்பியவர் அவர். மாட்டைக் கட்டி வண்டியை இழுத்து என் பட்டறையில் போட்டார்கள். நான் தனியாக நின்று பார்த்தேன். இடது முன் மட்கார்டின் உள்ளே, ஒரு கை அகலத்துக்குக் கறுப்பாக ரப்பர் தேய்ந்த தடம் இருந்தது. இரண்டு பேர் பாரத்தோடு வண்டி வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கம் சாய்ந்து, டயர் மட்கார்டில் ஏறிப் பிடித்திருக்கிறது. பிடித்த சக்கரம் எப்படித் திரும்பும்? நான் கந்தலை மண்ணெண்ணெயில் நனைத்து அந்தத் தடத்தைத் துடைத்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். இதை நான் எழுதுவது இதுவே முதல் முறை. கோயிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

மறு வாரம் மில் களத்தில் விசாரித்தார்கள். புழுங்கல் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சின்னப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். "அம்பதுல வந்து கவுத்துட்டாம்பா" என்றார் முதலாளி. "இல்லீங்க, முள்ளு முப்பதுலதாங்க இருந்துச்சி. நான் பாத்துக்கினுதான் வந்தேன்" என்றார் சின்னப்பன். வயலில் வேலை செய்தவர்கள் வண்டி வேகமாக வந்தது என்றார்கள். முதலாளி என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு மேஸ்திரி. வண்டியில எதனா கோளாறு கீதா?" என்று கேட்டார். நான், "வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க" என்றேன். சின்னப்பன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பார்வை அது.

மில்லின் இரண்டு லாரிகளும் அப்போது என் பட்டறைக்குத்தான் வரும். உன்னைப் பட்டணத்தில் தொழிற்படிப்புக்குச் சேர்த்திருந்த வருஷம். உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுதினால் நீ மன்னித்துவிடுவாய், அதனால் அப்படி எழுதமாட்டேன். பயம்தான் காரணம். மேஸ்திரி என்ற பேர் போய்விடும் என்ற பயம். உனக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். வேலை செய்கிறவன் கையில் தப்பு வரும், அதற்கு வெட்கப்படாதே. தடத்தை மட்டும் துடைக்காதே. தப்பு ஒரு நாளோடு நின்றிருக்கும், துடைத்தது ஏழு வருஷமாகக் கூட வருகிறது.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். வேலை போயிற்று. கால் தேறிய பிறகும் யாரும் அவரிடம் சாவியைக் கொடுக்கவில்லை. களத்துமேட்டில் நெல் காவலுக்கு உட்கார்ந்தார். ஊர் அவருக்கு 'முப்பது மைல்' என்று பேர் வைத்தது. அவர் கோலை ஊன்றி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தால், "தோ வரான் பார்றா முப்பது மைலு, ஒத்திக்கோ ஒத்திக்கோ" என்று லாரிக்காரர்கள் கூவுவார்கள். நீ ஒரு லீவில் வந்தபோது, "முப்பது மைலு இன்னிக்கு ரெண்டு மைல்ல போறாரு நைனா" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். உன்னை அடக்கியிருக்க வேண்டியவன் நான். அவர் மகள் ரோசலி நம் கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வந்து, நீ அவளைப் பார்த்து, அவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றபோது, எனக்குச் சந்தோஷமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. வேண்டாம் என்றால் நீ காரணம் கேட்பாய். சரி என்றேன். சின்னப்பன் அன்றிலிருந்து என்னை வாய் நிறையச் சம்மந்தி என்று கூப்பிட்டார்.

போன ஞாயிறு கோயிலில், மூன்று ஞாயிறு வாசிக்கும் உங்கள் கல்யாண ஓலையில் முதலாவதை வாசித்தார்கள். உன் பேர், என் பேர், அவள் பேர், அவள் அப்பா பேர். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் மூன்றாவது ஓலைக்குள் சொல்ல வேண்டும், தெரிந்தும் மறைப்பது பாவம் என்று சாமியார் வழக்கம்போலச் சொன்னார். சட்டப்படி பார்த்தால் நான் செய்தது தடை ஆகாது. உறவுமுறைத் தடையைத்தான் அவர் கேட்கிறார். ஆனால் எனக்கு முன் பெஞ்சில் சின்னப்பன் மடக்க முடியாத காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளே உன் கடிதம், பெரிய சக்கரம் போடலாமா நைனா என்று.

நேற்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். "வா சம்மந்தி, இன்னா இந்த வெயில்ல" என்று பாயை விரித்தார். நான் உட்காராமலே சொன்னேன். "சின்னப்பா, அன்னிக்கு நீ சொன்னது நெசம். முள்ளு முப்பதுலதான் இருந்திருக்கும். நான் போட்ட சக்கரம் பெருசு, அதனால கம்மியா காட்டிச்சி. வளைவுல டயரு மட்கார்டப் புடிச்சிக்கிச்சி. அந்தத் தடத்த நான்தான் தொடச்சேன். களத்துல நான் சொன்னது பொய்."

நான் திட்டுக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"இரு மேஸ்திரி. முள்ளு முப்பதுலதான் இருந்துச்சின்றியா?"

"ஆமா."

"நான் சொன்னது பொய்யில்லன்றியா?"

"இல்ல சின்னப்பா."

"நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டனே" என்றார். "ஒரு வாட்டி இல்ல மேஸ்திரி. ஒவ்வொரு வருசமும் ஈஸ்டருக்கு முன்னாடி போயி, சாமி, முப்பதுன்னு பொய் சொல்லிட்டேன்னு முட்டி போட்டுக்கினு சொல்லிக்கினு கீறேன். வண்டியில கோளாறு இல்லன்னு நீ சொன்னியே. மேஸ்திரி சொன்னா சரியாத்தான் இருக்கும், நாந்தான் முள்ள சரியா பாக்கலன்னு நெனச்சிக்கினேன்."

அவரால் முட்டி போட முடியாது. அந்தக் காலோடு அவர் எப்படி முட்டி போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். சாமியாரைப் பார்க்கப் போகிறேன் என்றார். வாசலில் நின்று திரும்பி, "கால் போனது போவட்டும் மேஸ்திரி. என்ன எனக்கே பொய்யனாக்கிட்டியே" என்றார். அந்த வெயிலில் அவர் தெருவில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழ உரிமை இருக்கிற இடமில்லை அது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

ரோசலி உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாளாம், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்து, "மாமா, இது அவருக்குத் தெரியுமா?" என்றாள். அவனுக்குத் தெரியாதம்மா என்றேன். "அப்ப எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க. மூணாவது ஓலைக்கு முன்னாடி அவரு வந்து எங்க நைனாவப் பாக்கணும். எங்க நைனா சரின்னா சரி. இல்லன்னா எனக்கு வேணாம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து நேராக பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய், லாரிக்காரர்கள் நாலைந்து பேர் இருக்கும்போதே இதைச் சொன்னேன். ஒருவன் சிரித்தான், மற்றவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டார்கள். மில் முதலாளியிடமும் சொன்னேன். வண்டியை விற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டதே, "அத இன்னாத்துக்குய்யா இப்ப கெளப்பிக்கினு கீற" என்றார். இன்று காலை வரவேண்டிய மில் லாரி பட்டறைக்கு வரவில்லை. ராத்திரி உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள், காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் ஒரு தப்பும் இல்லை.

உன் மானேஜரிடம் பெரிய சக்கரம் வேண்டாம் என்று சொல். கேட்காவிட்டால், மாட்டிய பிறகு இரண்டு பேரை உட்காரவைத்து வளைவில் ஓட்டிப் பார், மட்கார்டின் உள்ளே விளக்கடித்துப் பார், மீட்டர் எவ்வளவு தவறாகக் காட்டும் என்று ஒரு அட்டையில் எழுதி ஓட்டுகிறவர் கண்ணெதிரே ஒட்டு. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதே.

நாளை மறுநாள் இரண்டாவது ஓலை. அடுத்த சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டுப் பகல் பஸ்ஸில் வா. நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரமாட்டேன். நீயும் முதலில் நம் வீட்டுக்கு வராதே, பெட்டியோடு அப்படியே அவர் வீட்டுக்குப் போ. எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே. வயதாகிவிட்டது, தெரியாமல் செய்துவிட்டார் என்றெல்லாம் சொல்லாதே. நான் தெரிந்துதான் செய்தேன். அவர் திட்டினால் கேட்டுக்கொள். வேண்டாம் என்றால் அடுத்த பஸ்ஸில் பட்டணம் திரும்பிவிடு, உன் அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டுவிட்டு வா.

உன் கல்யாணத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. நினைத்ததைவிட அதிகமாகவே ஆசையாக இருக்கிறது. அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

உன் நைனா